நீலக்கண் தலைவனும் சார்ஜென்ட் ரட்லெட்ஜும்

ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தைச் சென்ற வாரம் நான்காவது முறையாகப் பார்த்தேன். மானுமென்ட் வேலியின் செந்நிறப் பாறைக் குன்றுகளில் இம்முறையும் மனம் மயங்கியது உண்மை. ஆனால் கண் போய் நின்றது நாயகன் ஜான் வெய்னிடம் அல்ல, கொமாஞ்சி என்னும் அமெரிக்கப் பூர்வகுடியின் தலைவன் ஸ்காரிடம். அவனுக்கு நீலக் கண்கள். நடித்தவர் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். படம் எடுக்கப்பட்டதோ நவஹோ என்னும் வேறொரு பூர்வகுடி மக்களின் நிலத்தில். அவ்வூர் நவஹோக்களே கொமாஞ்சிகளாகக் குதிரையேறி வருகிறார்கள். கூட்டத்துக்கு மண்ணின் மக்கள், வசனத்துக்கு ஐரோப்பியர் என்பதே அன்றைய ஹாலிவுட்டின் கணக்கு.

அப்பாச்சிப் பூர்வகுடிகளைப் பரிவோடு காட்டியதாகப் பாராட்டப்பெற்ற ‘ப்ரோக்கன் ஆரோ’விலும் (1950) இதே கதைதான். தலைவர் கொச்சீஸாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் புரூக்ளினில் பிறந்த ஜெஃப் சாண்ட்லர். மொஹாக் பூர்வகுடி இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸுக்குக் கிடைத்தது, சமாதானத்தை ஏற்க மறுக்கும் ஜெரோனிமோவின் சிறு வேடம்.

‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் ‘லுக்’ என்றழைக்கப்படும் பூர்வகுடிப் பெண்ணொருத்தி வருகிறாள். பண்டமாற்றில் நேர்ந்த குழப்பத்தால் தனக்கு மனைவியாகிவிட்ட அவள் அருகில் வந்து படுத்ததும், ஜான் வெய்னோடு அலையும் இளைஞன் மார்ட்டின் அவளை எட்டி உதைக்க, அவள் சரிவில் உருண்டு போகிறாள். நகைச்சுவைக் காட்சி. முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தேன், மறைப்பானேன்? பின்னர் குதிரைப்படை அழித்த குடியிருப்பொன்றில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். படம் அங்கே சற்று நின்று வருந்துகிறது. ஆனால் அவள் யார், எதற்காக அந்த இருவரோடு வந்தாள் என்று சொல்ல அவளுக்கு ஒரு காட்சிகூடத் தரப்படவில்லை.

அதே ஃபோர்டு 1960இல் ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ எடுத்தார். கறுப்பின வீரர்களைக் கொண்ட ஒன்பதாம் குதிரைப்படையின் சார்ஜென்ட், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியைக் கெடுத்துக் கொன்றதாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் நிற்கிறார். வுடி ஸ்ட்ரோட் நடித்தார். தப்பியோட வழியிருந்தும் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கப்படும்போது, அந்தப் படையே தன் வீடு, தன் விடுதலை, தன் தன்மானம் என்று உடைந்த குரலில் அவர் விடை சொல்கிறார். கேமராவும் அவர் முகத்தை விட்டு அகலாமல் கேட்கிறது. என் பார்வையில் ஃபோர்டின் படங்களில் அதற்கு நிகரான கணங்கள் சிலவே. ஆயினும் படத்தின் பெயரைத் தாங்கியவருக்கு நடிகர் பட்டியலில் முதலிடமில்லை; அது அவருக்காக வாதாடும் அதிகாரியாக வரும் ஜெஃப்ரி ஹன்டருக்குப் போனது.

இரண்டே ஆண்டுகளில் ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’. ஸ்ட்ரோட் இப்போது பண்ணையாள் பாம்பி. எழுத்தறியாத பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் வகுப்பில் எழுந்து நின்று, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஒப்பிக்கத் தொடங்கும் அவருக்கு, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்னும் இடம் மட்டும் மறந்துபோகிறது. அந்த வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்று தேற்றுகிறார் ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். சற்று நேரத்தில் முதலாளி ஜான் வெய்ன் உள்ளே நுழைந்து, வேலை கிடக்கிறது போ என்று பாம்பியை அனுப்பிவிடுகிறார்.