அப்பா பார்த்தது யாரை?

ஓவியங்களுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒரு தொகையை மட்டும்தான். பாகம் பிரிக்கும்போது, கூடத்துச் சோபாவுக்கு மேலே தொங்கிய நகரக்காட்சி ஓவியத்தை யார் எடுத்துக்கொண்டாலும் மற்றவர்களுக்கு என்ன ஈடு கொடுப்பது என்று தெரிய வேண்டும். தொகையைச் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரியவில்லை. கத்தியால் இழுத்த வண்ணம் கட்டடங்களின் விளிம்பில் மேடு கட்டியிருந்தது. கையால் வரைந்ததுதான். மூலையில் பெரிதாக லீ ரெனால்ட்ஸ் என்று கையொப்பம். "இவரை அப்பா நேரிலேயே பார்த்திருக்கிறாராம், தம்பி" என்றார், பெருமையாக. "இதை அவர் ஒருவரே வரைந்திருக்க மாட்டார், அம்மா. அந்தப் பெயரில் பலர் வரைந்திருக்கிறார்கள்" என்றேன். சற்று நேரம் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்படியானால் அப்பா பார்த்தது யாரை?" என்று கேட்டார். நான் அளவுநாடாவை எடுத்து, ஏற்கெனவே அளந்துவிட்ட ஃபிரேமை இன்னொரு முறை அளந்தேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. லீ ரெனால்ட்ஸ் பர் என்பவர் 1964இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வான்கார்ட் ஸ்டூடியோஸ், வீட்டுச் சுவர்களுக்கென்றே ஓவியங்களைப் பெருமளவில் தயாரித்த கூடம். அங்கே பல ஓவியர்கள் வரைந்தவற்றிலும் லீ ரெனால்ட்ஸ் என்ற கையொப்பமே இருக்கும். வரைந்த கை எது என்று பார்க்காமல் இந்தத் தொழிலில் விலை சொல்ல முடியாது. ட்ரெட்சிகாஃப் என்ற ஓவியரின் 'சீனப் பெண்' அச்சுப்படியாக எண்ணற்ற வீடுகளில் தொங்கியது, மலிவான ரசனை என்று விமர்சகர்களின் ஏளனத்துக்கும் ஆளானது. அதன் மூல ஓவியமோ 2013இல் லண்டன் ஏலத்தில் 9,82,050 பவுண்டுக்குப் போனது. படம் ஒன்றுதான். ஆகவே உண்மையை மறைப்பது என் வேலை அல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

ஆனால் அந்த உண்மையை அறிக்கையில் ஒரு வரியாக எழுதியிருந்தாலே போதுமே, அவருடைய தந்தையின் நினைவுக்கு மறுப்புப்போல அதை ஏன் வாயால் சொன்னேன்? அதைவிட உறுத்துவது வேறொன்று. ரெனால்ட்ஸ் கற்பனைப் பெயர் அல்ல, உயிரோடு நடமாடிய மனிதர். அந்தப் பெரியவர் அவரைப் பார்த்திருக்கவே முடியாது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஓவியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கொண்டு, தெரியாத ஒரு சந்திப்பையும் சேர்த்து அழித்துவிட்டேன். இத்தனைக்குப் பிறகும், இன்று அதே ஓவியம் வந்தால் அதே வாக்கியத்தைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன்; குரலை மட்டும் தாழ்த்திக்கொள்வேனோ என்னவோ.

வலது ஓரத்தில், வண்ணம் காயும் முன் யாரோ கேன்வாஸைத் தூக்கியபோது பதிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று, வரி வரியாக, தெளிவாக இருந்தது. அந்த அம்மாளிடம் அதைக் காட்டவில்லை. அறிக்கையில், குறைபாடுகள் என்ற பகுதியில் சேர்த்திருக்கிறேன்.