கொழுந்து எடுத்த மலை வேறு பச்சை

இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு நிலக்காட்சி வரைகிறேன் என்றால், "பச்சை பெயின்ட் சீக்கிரம் முடிஞ்சிருமே" என்று சிரிப்பவர்கள் உண்டு. என் பெட்டியில் பச்சை ட்யூபே கிடையாது. ட்யூபில் வரும் பச்சையை, முக்கியமாக விரிடியனை, அப்படியே தேயிலைக்குப் பூசினால் பிளாஸ்டிக் செடி மாதிரி மினுங்கும்.

தலவாக்கலைப் பக்கம், கிரேட் வெஸ்டர்ன் மலை எதிரே தெரிகிற ஒரு மதகுக் கட்டில்தான் வழக்கமாக உட்காருவேன். தாள் போஸ்ட்கார்ட் அளவு, 10 × 15 சென்டிமீட்டர். ஆனால் சதுர மீட்டருக்கு 300 கிராம் என்ற தடிப்பு இருக்க வேண்டும், மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். "ஏன் இவ்வளவு சின்னதா?" என்று கேட்பவர்களுக்கு ஆங்கிலேய ஓவியர் டர்னரை இழுப்பேன். பிரான்சின் ஆறுகளை அவர் நீலத் தாளில் குவாஷால், அதாவது அடி நிறத்தை மறைக்கும் தடித்த நீர்வண்ணத்தால், வரைந்தவை ஒரு கொப்பித் தாளைவிடச் சின்னவை.

ஒரு நாள் தட்டில் நிறம் கலந்துகொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பச்சை நேத்து எடுத்த மலைக்குத்தான் சரி சேர். அங்கிட்டு இன்னும் கை வைக்கல, வெளுப்பாத்தான் இருக்கும்."

கிட்டப் போய் ஒரு செடியைப் பாருங்கள், அவர் சொன்னது புரியும். அடியில் கறுத்த முற்றின இலை. அதன் மேல், இடுப்பளவில், மஞ்சள் கலந்த இளங்கொழுந்து. கொழுந்தை எடுத்ததும் கறுப்புப் பச்சை மட்டும் மிஞ்சும். ஒரு வாரம் போனால் மலை மறுபடி வெளுக்கும். தூரத்திலிருந்து தெரிகிற அந்த ஒட்டுப்போட்ட பச்சையெல்லாம் எடுத்த மலை, எடுக்காத மலைக் கணக்குதான்.

அதனால் நானும் அந்த வரிசையிலேயே போகிறேன். முதலில் வாட்டர்கலர்: அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. இது முற்றின இலை. அது காய்ந்த பிறகு எலுமிச்சை மஞ்சள், துளி நீலம், வெள்ளை கலந்த குவாஷ். இது கொழுந்து. வெறும் வாட்டர்கலரில் இருட்டின் மேல் வெளிச்சம் வைக்க முடியாது, அடி நிறம் தெரிந்துவிடும். குவாஷ் மூடிக்கொள்ளும். செடிகளை ஒவ்வொன்றாகப் போடுவதில்லை. தண்ணீர் வடியும் கானும் குறுக்குப் பாதையும் ஓடும் கோடுகளை மூடாமல் விட்டால் செடி தானாகத் தெரியும்.

சிக்கல் காய்வதில்தான். இரண்டுமே கம் அரபிக் பசையில் குழைத்தவை, ஈரம் பட்டால் அடிப்பூச்சு மறுபடி கரையும். ஆகவே ஒரே இழுப்பு, தூரிகையைத் தூக்கிவிட வேண்டும், தேய்க்கவே கூடாது. குவாஷில் இன்னொரு குசும்பு: வெளிர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும், கறுத்த நிறம் வெளுக்கும். துண்டுத் தாளில் தொட்டுப் பார்க்காமல் வைக்காதீர்கள். மிஸ்ட் இறங்கின நேரம் அந்தத் துண்டும் காயாது. நான் சூடான பிளேன்டீ கோப்பையின் பக்கத்தில் ஒட்டிப் பிடிப்பேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கைதான், ஆனால் சட்டென்று காயும்.

அந்த மிஸ்டையும் வெள்ளை குவாஷில்தான் போடுகிறேன். தாளை வெறுமனே விடுவதுதான் முறை என்று வாட்டர்கலர்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கறுத்த மலை மேல் துத்தநாக வெள்ளையை நீர்க்கப் பூசினால் அது லேசாக நீலம் அடிக்கும். தூரத்து மலையும் அப்படித்தானே நீலிக்கிறது! டைட்டேனியம் வெள்ளை இதற்கு ஆகாது, அது அப்பிக்கொள்ளும். அதைத் தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரையில் வெயில் பட்ட இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்த மேல் மலையைக் கவாத்து வெட்டப் போகிறார்களாம், அதுவும் அக்கா சொன்னதுதான். இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும் மலைக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்த சாம்பல் போதும். தளிர் விடுவதற்குள் போய்விட வேண்டும்.