அப்பெண்டிக்ஸ் செய்த வேலை

"பீலித் தண்ணியில குளிச்சுக் குளிச்சு வயித்துல குளிர் ஏறிருச்சு புள்ள." எனக்குப் பிள்ளை தரிக்காததற்கு இது மாமியின் தீர்ப்பு. பக்கத்து லயத்து அக்காவோ, நான் ஸ்கூலுக்கு பஸ்ஸில் குலுங்கிப் போவதுதான் காரணம் என்றார். மஸ்கெலியா பக்கத்து ரோட்டைப் பார்த்தவர்கள் அதை நம்பவும் கூடும்.

உண்மையான காரணம் என் 15 வயதிலேயே நடந்து முடிந்திருந்தது. அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வெடித்தது. தோட்டத்து லொறி கொழுந்தை இறக்கிவிட்டு வரும்வரை அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார். உயிர் பிழைத்தேன். ஆனால் உள்ளே பரவிய சீழ் ஆறியபோது முட்டை கருப்பைக்கு வரும் வழியான கர்ப்பக்குழாயைச் சுற்றி எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அடைப்பு வலிக்கவில்லை. மாதவிடாயும் தவறாமல் வந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

கண்டியில் டொக்டர் முதலில் கேட்டது என் கணவரின் விந்துப் பரிசோதனையை. (இதை லயத்தில் சொல்லிப் பாருங்கள்!) அதில் குறையில்லை. அடுத்து எனக்கு எச்எஸ்ஜி. மாதவிடாய் முடிந்த கையோடு, முட்டை வெளியாகுமுன், கருப்பைவாய் வழியாகச் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே. சில நிமிடம்தான், ஆனால் அடிவயிற்றைப் பிழிந்து எடுத்துவிட்டது. வலது குழாய் முனை மூடி, நீர் கோத்து, வெண்டைக்காய் போலப் பருத்திருந்தது. இடதில் சாயம் கருப்பை மூலையோடு நின்றுவிட்டது. "தசை இறுகினாலும் இப்படித் தெரியும்" என்றார் டொக்டர். லெப்ரொஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கெமராவால் பார்க்கும்போது, நீலச் சாயம் விட்டுப் பார்த்தால், இடது திறந்தே இருந்தது! வலதை எடுத்துவிட்டார்கள். அந்த நீர் கருப்பைக்குள் வடிந்தால் கரு தங்குவது கஷ்டம். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) செய்தாலும் வாய்ப்பு பாதியளவுக்குக் குறையும்.

கிளமிடியா (உடலுறவில் தொற்றும் கிருமி), காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) எதனாலும் குழாய் அடைபடலாம். அதைக் கேட்டதும் பெண்ணின் நடத்தையை ஆராயப் புறப்படுகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. ஐவிஎஃப் பற்றி முகம் சுளிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: 1978இல் அந்த முறையில் முதன்முதலாகப் பிறந்த லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்கும் குழாய் அடைப்புத்தான்.

எனக்கு இன்னும் தரிக்கவில்லை. ஒரு குழாய் போதும் என்கிறார் டொக்டர். மாமி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். நேரட்டும், கிளினிக் தேதியை ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

எச்எஸ்ஜிக்குப் போகிறவர்கள் வலி மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேட் கொண்டுபோங்கள், சாயம் கசியும். துணைக்கு ஆளும் வேண்டும். ஹட்டன் பஸ்ஸில் கம்பளை வரை சீட் கிடைக்காது.