புதுப் பாட்காஸ்டுக்கு அடையாளம்: லோகோவுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

பாட்காஸ்ட் தொடங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது லோகோ போட்டுத் தர ஓர் ஆளை. நிகழ்ச்சியின் பெயரைக் காதால் கேட்ட ஒருவர் அதைப் போனில் எப்படித் தட்டித் தேடுவார் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், அதுவும் யோசித்தால். கேட்டவர் தேடி, கண்டுபிடித்து, ஐந்து நிமிடம் எரிச்சல் இல்லாமல் கேட்டு, அடுத்த வாரம் திரும்பி வரவேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் பிராண்ட் என்ற பேச்சுக்கே இடம். அதனால் பெயரிலிருந்து ஆரம்பிப்போம்.

தமிழ்ப் பெயரையே வையுங்கள். ஆனால் முடிவு செய்யும் முன் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், நிறையப் பேர் தேடுவது அப்படித்தான். ‘வாழைமட்டை’ என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடிலுக்கு ஒரு ‘ஏ’ போடுவாரா, இரண்டு போடுவாரா? ழகரத்துக்கு ‘இசட்எச்’ போடுவாரா, ‘எல்’ போடுவாரா? நடுவில் ‘டி’ ஒன்றா இரண்டா? இதிலேயே எட்டு விதம் வந்துவிட்டது. ‘கிணறு’ என்று வைத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதுவார்கள். சோதிப்பது சுலபம்: பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக ஐந்து பேருக்கு அனுப்பி, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதமாக வந்தால் வேறு பெயர் பாருங்கள். அந்தப் பெயரை விட மனமில்லை என்றால், தலைப்பில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை கொடுத்துவிட்டு, மற்ற எழுத்துக்கூட்டல்களை விவரக் குறிப்பில் இயல்பான வாக்கியத்துக்குள் வையுங்கள். தலைப்பிலேயே தேடல் சொற்களைத் திணித்தால் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் நிகழ்ச்சியைத் தள்ளிவிடக்கூடும்.

அடுத்தது பயனர் பெயர். யூடியூபும் இன்ஸ்டாகிராமும் 30 எழுத்து வரை விடுகின்றன. எக்ஸ் தளம் 15-தான் தரும். ஆகவே உங்கள் உச்சவரம்பு 15. இணைப்புக்கோடு யூடியூபில் செல்லும், இன்ஸ்டாகிராமில் செல்லாது. புள்ளி இன்ஸ்டாகிராமில் செல்லும், எக்ஸில் செல்லாது. வெறும் எழுத்துகளாக இருந்தால் எங்கும் சிக்கல் இல்லை. இப்போதைக்குப் பயன்படுத்தாத தளத்திலும் அதே நாளில் பெயரைப் பிடித்துவையுங்கள். அந்தப் பெயரை வேறு யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று, இந்தியாவில் இருப்பவர்கள் வணிகக் குறிப் (டிரேட்மார்க்) பதிவகத்தின் இணையத் தேடலில் 41-ஆம் வகுப்பையும் பார்த்துவிட வேண்டும். கல்வி, பொழுதுபோக்குச் சேவைகள் அதில்தான் வருகின்றன. தேடுவதற்குக் காசு இல்லை. தனிநபர் இணையவழி விண்ணப்பித்துப் பதிவு செய்ய வகுப்புக்கு 4,500 ரூபாய். தொடங்கும்போதே பதிவு தேவையில்லை, தேடல் கட்டாயம் தேவை.

சொந்தப் பெயரையே நிகழ்ச்சிக்கு வைக்கலாமா? உங்களை ஏற்கெனவே ஆட்கள் தேடுகிறார்கள் என்றால் வைக்கலாம். இல்லையென்றால் நிகழ்ச்சிப் பெயர் விஷயத்தைச் சொல்லட்டும், உங்கள் பெயர் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் இருக்கட்டும். நாளைக்கு நிகழ்ச்சி மாறினாலும் அந்த இடம் மாறாது.

அட்டைப்படம் சதுரம். ஆப்பிள் கேட்பது குறைந்தது 1400-க்கு 1400 பிக்சல், அதிகபட்சம் 3000-க்கு 3000. ஜேபெக் அல்லது பிஎன்ஜி, ஆர்ஜிபி நிறமுறையில். மூவாயிரத்தில் செய்யுங்கள், ஆனால் அதைப் பெருவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து முடிவெடுங்கள். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், ‘ணை’, ‘னை’ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். ஆகவே இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். முக்தா மலர், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. மிகத் தடித்த வகை சுழிகளை அடைத்துவிடும், நடுத்தரத் தடிமன் போதும். வடிவமைப்பவர் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும். அதே வரியை விவரக் குறிப்பில் ஒட்டினால் குப்பையாக வரும், தேடலிலும் சிக்காது. ஃபோட்டோஷாப்பில் கொம்பு தனியே பிரிந்து நின்றால், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தளவமைப்பை இயக்கவேண்டும். எழுத்துப் பிழையோடு வரும் அட்டையைப் பார்க்கிற தமிழாசிரியர் எவரும் உள்ளே வரமாட்டார், மற்றவர்களும் தயங்குவார்கள்.

நிறத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு மாற்றாமல் இருந்தால் சரி.

இனி ஒலி. உண்மையான அடையாளம் இதுதான், சொதப்புவதும் பெரும்பாலும் இங்கேதான். நம் வீடுகளின் எதிரிகள் இரண்டு: மின்விசிறி, வெற்றுச் சுவர். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் தெருவில் போகிற காய்கறி வண்டியையும் சேர்த்துப் பதிவு செய்யும். சாதாரண அறைக்கு, அருகில் பேசும் குரலை மட்டும் பெரிதாகப் பிடிக்கும் டைனமிக் மைக்தான் சரி. சாம்சன் க்யூ2யூ போல யூஎஸ்பி (நேரே கணினியில் செருக), எக்ஸ்எல்ஆர் (ஒலிக் கருவிகளில் செருக) இரண்டும் உள்ளதை வாங்கினால், பின்னால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் தனிப்பெட்டி) வாங்கும்போது மைக்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதித் தொம்மென்று கேட்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதை நோக்கி அல்ல, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள். மைக் பார்ப்பது உங்கள் முகத்தையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும்தான். மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு மென்பொருளில் இரைச்சலைக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டால், குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

பதிவில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். எடிட்டிங்கில் வரிசை முக்கியம்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த உறுமலை வெட்டுவது, பிறகு 3:1 அளவில் கம்ப்ரஷன் (உரத்த இடங்களைத் தணித்து ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), அதன்பின் ஒலியளவைச் சீராக்குவது, கடைசியில் மைனஸ் 1 டெசிபலில் லிமிட்டர் (அந்த அளவைத் தாண்டவிடாத தடுப்பு). ஆப்பிள் பரிந்துரைக்கும் ஒலியளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு). ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ பெட்டியைத் திறந்தவுடன் மைனஸ் 23 என்று இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அது ஐரோப்பிய ஒளிபரப்புக்கான அளவு. மாற்றாமல் விட்டால், பேருந்தில் கேட்பவர் ஒலியை முழுக்க ஏற்றிவைத்து, அடுத்து வரும் வேறொருவர் நிகழ்ச்சியில் காதைப் பொத்திக்கொள்வார். ஒரே குரல் என்றால் மோனோ (ஒற்றைத் தடம்), 96 கேபிபிஎஸ் எம்பி3 போதும். அரைமணி நேரம் சுமார் 22 எம்பி-தான் வரும்.

தொடக்க இசை பத்து விநாடிக்குள் முடியட்டும். சினிமாப் பாட்டின் பின்னணி இசை வேண்டாம். ‘இத்தனை விநாடிக்குள் என்றால் பரவாயில்லை’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அப்படி ஒரு சட்டம் கிடையாது. பிறர் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி சில விநாடித் துண்டையும் பிடித்துவிடும், வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் எடுத்தாலும், உரிமக் குறிப்பில் பெயர் போடச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று எபிசோடு கையில் முடித்துவைத்துவிட்டுத்தான் வெளியிட ஆரம்பிக்க வேண்டும். வாரம் ஒன்று முடியாதென்றால் இரு வாரத்துக்கு ஒன்று, ஆனால் அதே கிழமை.

எபிசோடுகளின் பட்டியலை எல்லாத் தளங்களுக்கும் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒலிக்கோப்புகளையும் ஃபீடையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையை இலவசமாக எடுப்பதில் தவறில்லை. விட்டுப் போகும்போது 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஹோஸ்டை மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து குறைந்தது நான்கு வாரம் திருப்பிவிட வேண்டும், ஒவ்வொரு எபிசோடின் தனி அடையாள எண்ணும் மாறாமல் இருக்க வேண்டும். அது மாறினால் பழைய எபிசோடுகள் எல்லாம் புதிதுபோல் மீண்டும் இறங்கும். ஃபீடில் உங்களுக்குச் சொந்தமான மின்னஞ்சல் இருக்கட்டும், உரிமையைச் சரிபார்க்கும் குறியீடு அதற்குத்தான் வரும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டபோது, அதன் சுட்டியை மட்டும் பகிர்ந்துவந்தவர்களின் பழைய பதிவுகள் எல்லாம் செத்த சுட்டிகளாயின. சொந்த டொமைனில் ஒரே ஒரு பக்கம் போட்டு, எல்லாத் தளங்களுக்கும் வழி அங்கிருந்து கொடுங்கள். பகிர்வது எப்போதும் அந்த முகவரியைத்தான்.

விளம்பரம் வரும்போது, இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதல் பொருந்தும்: ஒலி நிகழ்ச்சியில், இது விளம்பரம் என்பதைத் தொடக்கத்திலும் முடிவிலும், ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் பின்னும் வாயால் சொல்ல வேண்டும். விவரக் குறிப்பில் மட்டும் எழுதிவைத்தால் போதாது. காசு கைமாறினால்தான் விளம்பரம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு நிறுவனம் மைக்கை இலவசமாக அனுப்பி, அதைப் பற்றி நீங்கள் பேசினால் அதுவும் கணக்கில் வரும்.