உள்நாக்கை எடுக்கலாமா? ஆறு மாத அலைச்சல்

அரையாண்டு விடுமுறையின் முதல் நாளே அறுவைச் சிகிச்சை என்று தேதி குறித்து, முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாயும் கட்டிய பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறுக்காகத் தொண்டையில் கத்தி வைக்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்கள், நான் அலைந்ததில் பாதியையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நோயைக் கண்டறியும் வரை ஒரு சிக்கலும் இல்லை. ஆகஸ்டில் திருச்சியில் ஓர் இரவு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கவைத்து மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் பரிசோதனை; மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்குகிறது என்று முடிவு வந்தது. முப்பதைத் தாண்டினாலே தீவிர நிலை. மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் காக்கும் சி-பாப் கருவியை மாத வாடகைக்கு எடுத்தேன். எனக்கு எப்போதும் ஒரு பக்க மூக்கு அடைத்திருக்கும். மாஸ்க்கின் ஓரத்தில் காற்று சீறிக் கண்ணில் அடிக்கும். நள்ளிரவு தாண்டினால் என்னை அறியாமலே அதைக் கழற்றி வீசியிருப்பேன். பத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் பார்த்த இ.என்.டி. மருத்துவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்நாக்கு நீளம், அண்ணமும் தொங்குகிறது. டான்சிலோடு சேர்த்துச் சரிசெய்துவிட்டால் கருவியே வேண்டாம்" என்றார். "கருவியே வேண்டாம்" என்பதைத் தவிர வேறெதுவும் அன்று என் காதில் விழவில்லை.

காப்பீட்டு முன் அனுமதியில் தொடங்கியது வினை. முழுமையான ஸ்லீப் ஸ்டடி அறிக்கையும் சி-பாப் பயன்படுத்திப் பார்த்ததற்கான ஆதாரமும் வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. என்னிடம் இருந்ததோ இரண்டு பக்கச் சுருக்கம். மருத்துவமனையில் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. கவுண்டரில் இருந்த இளைஞர் அதே இரண்டு பக்கத்தையே மூன்று முறை அனுப்பினார். மூன்று முறையும் அதே கேள்வி திரும்பி வந்தது. "போன தடவை சரியா ஸ்கேன் ஆகலை போல சார்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கரூரிலிருந்து திருச்சியிலுள்ள அந்தப் பரிசோதனை மையத்துக்குப் போனேன். அறிக்கை எடுப்பவருக்கு இரவுப் பணி, செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருவார் என்றார்கள். வெள்ளி மாலை மறுபடி போனால், பிரிண்டரில் மை இல்லை. பென் டிரைவைச் செருகவும் அனுமதி இல்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, மின்னஞ்சல் வந்து சேரும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பதினொரு பக்கங்கள் வந்தன. பரிசோதனை முடிந்த காலையிலேயே முழு அறிக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன் அதன் மெமரி கார்டில் உள்ள பயன்பாட்டு விவரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்த கருவி அதற்குள் வேறொருவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அந்தப் பதினொரு பக்கங்களில்தான் முதன்முதலாக ஒரு செய்தி கண்ணில் பட்டது: மல்லாந்து படுக்கும்போது மணிக்கு 52, ஒருக்களித்தால் 17. தொங்குகிற அண்ணம் மட்டுமே காரணம் என்றால் இத்தனை வேறுபாடு வருமா என்று உறுத்தவே, தூக்கக் கோளாறுகளுக்கான அறுவையில் பழக்கமுள்ள மருத்துவர் ஒருவரை மதுரையில் தேடிப் பிடித்தேன். "கருவியை ஏன் விட்டீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

இந்த அறுவையில் 'வெற்றி' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை அவர்தான் விளக்கினார். மணிக்கு மூச்சு நிற்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, இருபதுக்குக் கீழே வந்துவிட்டால் அது வெற்றிக் கணக்கில் சேரும். அதாவது 38 என்பது 18 ஆகிவிட்டால் நான் தேர்ச்சி. ஆனால் 15-க்கு மேல் இருப்பது இன்னமும் நடுத்தர நிலை நோய், கருவியும் இன்னமும் தேவைப்படலாம். முப்பத்தைந்து மதிப்பெண்ணில் பிள்ளைகளைத் தேற்றிவிடும் எனக்கே அந்தத் தேர்ச்சி உவப்பாக இல்லை. நாக்கின் இருப்பையும் டான்சிலின் அளவையும் வைத்து ஃபிரீட்மன் நிலை என்று வகுக்கிறார்கள். டான்சில் பெரிதாகவும் நாக்கு தாழ்ந்தும் இருக்கும் முதல் நிலையில் பத்தில் எட்டுப் பேருக்குப் பலன். டான்சில் சிறுத்து நாக்கு உயர்ந்திருக்கும் மூன்றாம் நிலையில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நான் மூன்றாம் நிலை. டார்ச் அடித்துப் பார்த்தவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமராவை இறக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார். அதிகாலைப் பேருந்து பிடித்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு வடையும் காபியும் முடித்து மதுரையில் இறங்கினேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த சீட்டில் நேரமும் கட்டணமும் மட்டுமே இருந்தன. பால் கலந்த காபிக்கே ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரத்துக்கு அதற்கும் மேல் என்று மயக்க மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் விடுப்பும் பேருந்துக் கட்டணமும் அந்த வடையோடு போயின. மறுவாரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். (பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்பட்டால் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.)

விழித்தபின் அவர் காட்டிய படத்தை நான் மறக்கப்போவதில்லை. மூச்சு உள்ளே போக முயலும் ஒவ்வொரு முறையும், சுருக்குப் பையின் கயிற்றை இழுத்ததுபோல் அண்ணம் நான்கு பக்கமிருந்தும் குவிந்து மூடிக்கொள்கிறது. தாடையைச் சற்று முன்னே தள்ளினால் கொஞ்சம் திறக்கிறது. விட்டால், நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கி வந்து விழுகிறது. உள்நாக்கை மட்டும் எடுத்திருந்தால் அந்த நாக்கு அங்கேயேதான் இருந்திருக்கும்.

அன்று காத்திருப்புக் கூடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே அறுவையைச் செய்துகொண்ட ஒருவரைப் பார்த்தேன். ஒவ்வொரு மிடறாக, தலையை நிமிர்த்தி நிதானித்து அவர் தண்ணீர் குடித்தார். அவசரப்பட்டால் மூக்கு வழியாக வந்துவிடுமாம். மூச்சுக் கோளாறு திரும்பிவிட்டதால் சி-பாப் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதோ அழுத்தக் காற்று வாய் வழியே கசிந்து ஓடுகிறதாம். மருத்துவரிடம் கேட்டேன். மெல்லண்ணத்தை, அதாவது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியை, நிறைய எடுத்துவிட்டால் இப்படி ஆவது உண்டு என்றும், இப்போதைய முறைகளில் தசையை வெட்டி எறியாமல் இழுத்துத் தைப்பதால் இது குறைந்திருக்கிறது என்றும் சொன்னார். கையொப்பமிடும் படிவத்தில் 'குரல் மாற்றம்' என்று ஒரே சொல்லாகப் போட்டிருந்ததன் பொருள் அப்போதுதான் உறைத்தது. பேசும்போது மெல்லண்ணம் மூக்குக்குப் போகும் வழியை அடைக்காவிட்டால் பகரம் மகரமாகும், தகரம் நகரமாகும். இருபத்திரண்டு ஆண்டுகளாக வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் வேறுபாடு சொல்லிக் கொடுக்கும் தமிழாசிரியன் நான். வேறு எந்த எச்சரிக்கையும் என்னை இந்த அளவுக்கு அசைத்திருக்காது.

அறுவையே வீண் என்று நான் சொல்லவில்லை. கருவி ஒத்துவராதவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அண்ணம், நாக்கு இரண்டையும் சரிசெய்துகொண்ட 51 பேரின் மணிக்கணக்குச் சராசரி ஆறு மாதத்தில் 47.9-லிருந்து 20.8-ஆகக் குறைந்தது. அது சிறிய பலன் அல்ல. என் மருத்துவரும் கதவை மூடவில்லை. முதலில் மூக்கைச் சரிசெய்து, கருவியை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

மூக்குக்கு ஸ்பிரே, காற்றை ஈரப்படுத்தும் தொட்டி, மூக்குத் துளையோடு மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க். மாற்றியது இவ்வளவுதான். முதல் வாரம் மூன்று மணி நேரம், இப்போது ஆறு. இன்று காலை கருவியின் திரை மணிக்கு 4.1 என்று காட்டியது. வளைந்திருக்கும் மூக்குத் தண்டை மே விடுமுறையில் நேராக்கிக்கொள்ளப் போகிறேன். அதற்கு என் பாலிசியில் இரண்டாண்டுக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதை இந்த முறை முன்னதாகவே படித்துப் பார்த்துவிட்டேன்.

முன்பணத்தைக் கேட்டு முதல் மருத்துவமனைக்கு நான்கு முறை நடந்தேன். கோப்புக் கட்டணம் என்று ஐந்நூறு பிடித்துக்கொண்டு 9,500 கொடுத்தார்கள். எதற்கான கோப்பு என்று கேட்டபோது, கவுண்டர் இளைஞர் என் இரண்டு பக்க அறிக்கையை எடுத்து நீட்டினார்.