கரும்பலகையில் தீரு பட்டணம்

விடுதியில் வெள்ளிக்கிழமை இரவுப் படிப்பு முடிந்தபின் நடந்த வேதபாட விவாதங்களை மறக்காதவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கிறார்கள். ஒரு வாங்கில் கிறிஸ்தவ மாணவர்கள். எதிர் வாங்கில் சைவ மாணவர்களும், கிறிஸ்தவ வீட்டில் பிறந்தும் கேள்வி கேட்பதை விடாதவர்களும். யாழ்ப்பாணத்து மண்ணுக்கு இது புதிய வழக்கம் இல்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் வேதாகம வேலையில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் மிஷனரிமாருக்குப் பதில் எழுதியபோது, அவர்களுடைய வேதாகமத்தையே விரித்து, அதிலுள்ள பலிகளையும் கிரியைகளையும் காட்டி வாதாடினார்.

எங்கள் வேதபாட மாஸ்டர் இரு தரப்புக்கும் ஒரே சட்டத்தை வைத்திருந்தார். தனி வசனத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் எழும்பக்கூடாது. அதிகாரம் முழுவதையும் உரத்து வாசிக்கவேண்டும். அதிகாரத்தின் தலையில் ஆண்டும் மாதமும் இருந்தால் அதை முதலில் வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதவேண்டும். ‘அவன்’, ‘அவர்கள்’, ‘நீ’ என்று வருகிற சொற்களுக்குக் கீழே கோடு போடவேண்டும். அதே ஊரைப்பற்றி வேறெங்கே என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிய பிறகுதான் வாதம். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இதே கேள்விகளுக்கு முகங்கொடுக்கிறார்கள். பாதி அதிகாரமும் பாதி வரலாறுமே அவர்கள் கைக்கு வந்து சேர்கிறது. அந்தக் கரும்பலகையில் இருந்தது அவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்றுதான் இந்த மலருக்கு இதை எழுதுகிறேன்.

அதிகம் வெண்கட்டி கரைந்தது எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்துக்கு. தீரு பட்டணம் அழியும் என்ற தீர்க்கதரிசனம் அது. தீரு இன்றைய லெபனானின் சூர். அந்தக் காலத்தில் அது கரையிலிருந்து ஏறக்குறைய 800 மீற்றர் தள்ளி நின்ற தீவு நகரம். எதிரே கரையில் அதற்குச் சொந்தமான குடியிருப்புகள் இருந்தன. ‘வெளியில் இருக்கிற உன் குமாரத்திகள்’ என்று அதிகாரம் சொல்வது இவற்றைத்தான். தீவையும் கரையையும் பிரித்து வரையாமல் இந்த அதிகாரத்தைப் பேசவே முடியாது.

இப்போது கோடு போட்ட சொற்களைப் பாருங்கள். 3ஆம் வசனத்தில் வருகிறவர்கள் ‘அநேகம் ஜாதிகள்’. கடல் தன் அலைகளை எழுப்புவதுபோல் அவர்கள் எழும்பி வருவார்கள். 7ஆம் வசனத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். 8 முதல் 11 வரை எல்லாம் ‘அவன்’. 12ஆம் வசனத்தில் திடீரென்று ‘அவர்கள்’: கொள்ளையிடுவார்கள், மதிலை இடிப்பார்கள், கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலின் நடுவே போடுவார்கள். 14இல் தீரு வெறும் பாறையாகும், ‘வலைகளை விரிக்கிற ஸ்தலமாயிருப்பாய்’, ‘இனிக் கட்டப்படாய்’.

நம்பிக்கையாளரின் பலமான இடம் அந்த ‘அவன் - அவர்கள்’ மாற்றம். நேபுகாத்நேச்சார் தீருவை 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். கரைக் குடியிருப்புகள் அவன் கையில் விழுந்தன. மீதி வேலை கி.மு. 332இல் அலெக்சாந்தரிடம் வந்தது. கப்பற்படை இல்லாமல் வந்தவன் கடலைத் தூர்க்கத் தொடங்கினான். கரையிலிருந்த பழைய தீருவை இடித்துக் கல் எடுத்தான். மரத்தை லெபனான் மலையிலிருந்து வெட்டுவித்தான். பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகிற தாம்போதி தெரிந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட வேலை என்று விளங்கும். ஆனால் இங்கே ஆழம் கூட. கரையோரம் சேறும் முழங்கால் தண்ணீருமாக இருந்த கடல், மதிலுக்குக் கிட்டே மூன்று பாகம் (ஏறக்குறைய ஐந்தரை மீற்றர்) ஆழமாகியது. தாம்போதி நெருங்கியபோது தீருவார் ஒரு பழைய கப்பலில் எரிபொருளை நிரப்பி, காற்றுக்கு விட்டு, அதன் முனையில் நின்ற மரக் கோபுரங்களை எரித்தார்கள். அலெக்சாந்தர் தாம்போதியை இன்னும் அகலமாக்கி, சீதோனிலிருந்தும் சைப்பிரஸிலிருந்தும் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு, ஏழு மாதத்தில் நகரத்தைப் பிடித்தான். அந்தத் தாம்போதியில் காலங்காலமாக மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று தீரு தீவே இல்லை. கரையோடு ஒட்டிய முனை. கல்லும் மரமும் மண்ணும் கடலின் நடுவே என்ற வசனத்தை இதற்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் யாருக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கும். எனக்கு இன்றும் நிற்கிறது.

அடுத்த வாங்கின் முறை. 11ஆம் வசனத்தில் ‘அவன்’ தன் குதிரைகளின் குளம்பால் ‘உன் வீதிகளையெல்லாம்’ மிதிப்பான் என்றிருக்கிறது. அந்த ‘அவன்’ நேபுகாத்நேச்சார்தான். கடலின் நடுவே இருக்கிற ‘உன்’ வீதிகளில் அவனுடைய குதிரை எப்போது ஓடியது? 13 ஆண்டு முற்றுகையின் முடிவில் தீரு பாபிலோனுக்குப் பணிந்தது, ஆனால் சூறையாடப்படவில்லை. பிறகு ‘இனிக் கட்டப்படாய்’. அலெக்சாந்தர் பிடித்து 20 ஆண்டு ஆகுமுன்பே தீரு மறுபடி மதிலோடு நின்று, அவனுடைய தளபதியாக இருந்த அன்றிகோனஸின் படையை ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. இயேசு அந்த எல்லைக்குப் போனதாக மாற்கு 7 சொல்கிறது. பவுல் கப்பலிலிருந்து இறங்கி அங்கே ஏழு நாள் சீஷரோடு தங்கினதாக அப்போஸ்தலர் 21 சொல்கிறது. இன்று அது மக்கள் நிறைந்த ஊர். 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மீனவர்கள் அங்கே வலை விரிக்கிறார்கள், உண்மை. வீடும் கட்டுகிறார்கள்.

இதற்கு நம்பிக்கையாளர் பக்கம் வழக்கமாக வருகிற பதில், ‘கட்டப்படாய்’ என்பது கரையிலிருந்த பழைய தீருவுக்கு மட்டும் என்பது. இது நிற்காது. பழைய தீருவென்று பலர் அடையாளம் காட்டுகிற ரஷீதியே மேட்டில் இன்று ஆயிரக்கணக்கான பாலஸ்தீன அகதிகளின் முகாம் இருக்கிறது. அதோடு, அழிவைச் சொல்லும்போது தீவையும் ‘கட்டப்படாய்’ என்பதைச் சொல்லும்போது கரையையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் அதிகாரத்திலுள்ள ‘நீ’ இரண்டாக உடைந்துவிடும். நான் நம்புகிற பக்கத்தைச் சேர்ந்தவன்; இந்தப் பதிலை நம் பிள்ளைகள் சொல்லக்கூடாது என்றே விரும்புகிறேன்.

சொல்லவேண்டியது எசேக்கியேல் 29இல் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் ஆண்டு குறித்த வாக்குகளில் எல்லாவற்றுக்கும் பிந்தியது 29:17. யூதாவின் அரசன் யோயாக்கீன் பாபிலோனுக்குச் சிறைப்பட்ட 27ஆம் வருடம், அதாவது கி.மு. 571. தீருவைப்பற்றிய 26ஆம் அதிகாரம் 11ஆம் வருடம். நடுவே 16 ஆண்டுகள். அந்தப் பிந்திய வாக்கு சொல்வது இது: நேபுகாத்நேச்சாரின் சேனை தீருவுக்கு எதிராகக் கடும் ஊழியம் செய்தது, ஒவ்வொரு தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொரு தோளும் தோலுரிந்தது, ஆனாலும் அவனுக்கும் சேனைக்கும் கூலி கிடைக்கவில்லை, ஆகவே எகிப்தைக் கூலியாகக் கொடுக்கிறேன். தலைச்சுமையிலும் தோட்சுமையிலும் மண்ணும் கல்லும் சுமந்தவர்களின் தலையும் தோளும் இவை.

கேள்வி கேட்பவர் இதைத் தோல்வியின் ஒப்புதல் என்பார். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒப்புதல் தீர்க்கதரிசியின் வாயாலேயே, அவருடைய புத்தகத்திலேயே, முந்திய வாக்கைத் திருத்தி எழுதாமல், ஆண்டும் மாதமும் தேதியும் போட்டு நிற்கிறது. இதனால் எதிர்த்தரப்பின் ஒரு ஆயுதமும் மழுங்குகிறது: 26ஆம் அதிகாரத்தை நிகழ்ச்சிகள் முடிந்தபின் யாரோ எழுதிவைத்தார் என்று சொல்ல முடியாது. முடிந்தபின் எழுதியவன் கூலி கிடைக்காத கதைக்கு இடம்விட்டிருக்க மாட்டான். ‘நிறைவேறவில்லை’, ‘பின்னாலே எழுதினது’ என்ற இரண்டையும் ஒரே வசனத்தின்மேல் வீச முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம். எகிப்து வாக்குக்கும் இதே சோதனை வைக்கவேண்டும். நேபுகாத்நேச்சார் தன் 37ஆம் ஆண்டில் எகிப்துக்கு எதிராகப் படையெடுத்ததை உடைந்த களிமண் பலகை ஒன்று காட்டுகிறது. 29:11 சொல்கிற, மனிதர் குடியில்லாத 40 ஆண்டுகளுக்கு மட்டும் எகிப்து வரலாற்றில் இடமில்லை. அந்தக் காலம் அமாசிஸ் அரசனின் நீண்ட, செழிப்பான ஆட்சி.

தானியேல் 9 வரும்போது மாஸ்டர் ஒதுங்கி, வெண்கட்டியைக் கணக்கில் கெட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார். எருசலேமைத் திரும்பக் கட்டுகிற கட்டளை முதல் அபிஷேகம் பெற்றவர் வரும்வரை ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும், கடைசியில் இன்னொரு வாரமும், ஆக எழுபது வாரம் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அது ஆண்டுகளின் வாரம், ஒரு வாரம் ஏழு ஆண்டு என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. ஏழும் அறுபத்திரண்டும் அறுபத்தொன்பது; 69 × 7 = 483 ஆண்டு. சண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில். பாரசீக அரசன் அர்தசஷ்டா எஸ்றாவுக்குக் கட்டளை கொடுத்த கி.மு. 457இலிருந்து எண்ணினால் 483 − 457 = 26; கி.மு. 1க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, நடுவே பூச்சியம் இல்லாதபடியால் ஒன்று கூட்டவேண்டும், கி.பி. 27. இயேசு ஊழியம் தொடங்கிய காலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. (அந்த ஒன்றைக் கூட்ட மறந்து பிழைவிடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடப்பது.) ஆனால் எஸ்றா 7இலுள்ள கட்டளை ஆலயக் காணிக்கையையும் நியாயாதிபதிகளையும் பற்றியது. தானியேல் கேட்கிறது எருசலேமைத் திரும்பக் கட்டுகிற கட்டளையை. அது நெகேமியா 2, கி.மு. 445. அங்கிருந்து எண்ணினால் கி.பி. 39 ஆகிவிடும், காலம் தாண்டிவிடும்.

இதைச் சரிக்கட்ட சேர் றொபேட் அண்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 360 நாள் ஆண்டைக் கொண்டுவந்தார். 483 × 360 = 1,73,880 நாள். அதை 365.2422ஆல் பிரித்தால் 476 ஆண்டும் ஏறக்குறைய 25 நாளும், கி.பி. 32. வெளிப்படுத்தல் 11இல் 42 மாதமும் 1,260 நாளும் ஒன்றென்று வருவதால் மாதத்துக்கு 30 நாள் என்பது இதற்கு ஆதாரம். கணக்கு அழகானது. யூதரின் பஸ்காப் பண்டிகையை வைத்துச் சோதித்தால் உடைகிறது. பஸ்கா வாற்கோதுமை முற்றுகிற வசந்தத்தில் வரவேண்டும். ஆண்டுக்கு 5.24 நாள் குறைய எண்ணிக்கொண்டு போனால் 35 ஆண்டில் 183 நாள் முந்தும். பஸ்கா இலையுதிர்காலத்துக்குப் போய்விடும். இப்படி நடக்காமலிருக்கத்தான் யூதர் 19 ஆண்டுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டினார்கள். ஆகவே அவர்களுடைய 483 ஆண்டு சூரியனின் 483 ஆண்டேதான்.

மறுபக்கத்தின் கணக்கும் இதே கரும்பலகையில் இடறுகிறது. அவர்களுக்கு இந்த அதிகாரம் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸின் காலத்தில் எழுதப்பட்டது. ‘சங்கரிக்கப்படுகிற’ அபிஷேகம் பெற்றவர் கி.மு. 171 அளவில் கொலையுண்ட பிரதான ஆசாரியர் ஓனியாஸ். கடைசி வாரம் 164இல் ஆலயம் சுத்திகரிக்கப்பட்டதோடு முடிகிறது. முதல் ஏழு வாரம் நன்றாகப் பொருந்தும்: எருசலேம் அழிந்த 587இலிருந்து சிறையிருப்பு முடிந்த 538 வரை 49 ஆண்டு. அடுத்த 62 வாரம் 434 ஆண்டு. 538இலிருந்து எண்ணினால் 104இல் போய் நிற்கிறது, 67 ஆண்டு மிச்சம். எரேமியாவின் எழுபது ஆண்டு வாக்கு வந்த 605இலிருந்து 434ஐக் கழித்தால் சரியாக 171 வரும். ஆனால் அதற்கு ஏழு வாரத்தையும் அறுபத்திரண்டு வாரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். ‘எழுதினவருக்குப் பாரசீகக் காலத்தின் நீளம் தெரியாது’ என்பது இன்னொரு பதில். இருக்கலாம். அது ஒட்டுப்போடுவதுதான், 360 நாளைப் போல.

தமிழில் வாசிக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு பொறி உண்டு. பழைய திருப்புதலில் தானியேல் 9:25இல் ‘மேசியா’ என்றிருக்கிறது. ஏசாயா 45:1இல் பாரசீக அரசன் கோரேசுக்கு ‘அபிஷேகம்பண்ணின’ என்றிருக்கிறது. எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல், மாஷியாக். ஓரிடத்தில் பட்டப்பெயராகவும் மற்ற இடத்தில் சாதாரணச் சொல்லாகவும் மொழிபெயர்த்தவுடனேயே வாதத்தில் பாதி முடிந்துவிடுகிறது, வாசிக்கிறவருக்குத் தெரியாமலே. ஏசாயா 7:14உம் அப்படி. பழைய திருப்புதலில் ‘கன்னிகை’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’. இளம்பெண் என்ற எபிரேய அல்மாவும் கன்னி என்ற கிரேக்க பார்த்தெனோஸும் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நிற்கின்றன. இரண்டு தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இந்த வசனத்தைப் பேச மாஸ்டர் விட்டதேயில்லை.

நிறைவேறாத வாக்கை என்ன செய்வது என்ற கேள்வி வேதாகமத்துக்கு உள்ளேயே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. உபாகமம் 18:22 சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னது அல்ல என்கிறது. எரேமியா 18:7-10 மனந்திரும்பினால் தீங்கு விலகும் என்கிறது. இரண்டும் மோதுகிற இடம் எரேமியா 26. ஆலயம், முன்பு பாழாய்ப்போன வழிபாட்டிடமான சீலோவைப்போல் ஆகும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்கள் நிற்கிறார்கள். அப்போது தேசத்து மூப்பர் சிலர் எழும்பி, ஒரு நூற்றாண்டுக்கு முந்திய மீகாவின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: சீயோன் வயல்போல உழப்படும். அது நடக்கவில்லையே; அதற்காக அன்றைய அரசன் எசேக்கியா மீகாவைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்தான், தீங்கு விலகிற்று. நிறைவேறாத வாக்கைப் பொய் என்று தள்ளாமலும், நிறைவேறியது என்று இழுத்துப் பொருத்தாமலும் அவர்கள் வாதாடினார்கள். எரேமியா பிழைத்தார். அதே அதிகாரத்தில், அதே வார்த்தைகளைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடினார். அவருக்காக வாதாட மூப்பர் யாரும் இருக்கவில்லை. அரசன் யோயாக்கீம் ஆளனுப்பிப் பிடித்துவந்து, வாளால் வெட்டி, உடலைச் சாதாரண சனங்களின் பிரேதக்குழியில் போடுவித்தான்.