கேப் எருமை வேட்டைக்கு ரைஃபிள் தேர்வு: .375 முதல் .470 வரை

ஆப்பிரிக்கக் காட்டெருமையான கேப் எருமையின் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எதற்குச் சக்தி அதிகம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மூன்று குச்சிகளைக் கட்டிய தாங்கியில் துப்பாக்கியைச் சாய்த்து, நின்றபடி, 60 மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்குள் எந்தத் துப்பாக்கியால் என்னால் தவறாமல் சுட முடியும்? முதல் குண்டு இரண்டு நுரையீரல்களையும் இதயத்தின் மேற்பகுதியையும் கிழித்துப் போனால் .375-க்கே (இந்த எண்கள் அங்குலத்தில் குண்டின் தோராய விட்டம்; அதுதான் காலிபர்) எருமை விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் .500-ஆல் சுட்டாலும் அது ஓடிப் புதருக்குள் மறைந்து, பின்னால் வருபவர்களுக்காகக் காத்து நிற்கும். ஸாம்பெஸி பள்ளத்தாக்கின் அடர்ந்த 'ஜெஸ்' புதர்க்காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அடிபட்ட எருமையைத் தேடி அதற்குள் நுழைவதுதான் இந்த வேட்டையிலேயே ஆபத்தான வேலை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. கென்யாவும் 1977-இல் மூடிவிட்டது. நான் எழுதுவது உரிமம் பெற்று வேட்டையாட முடிகிற ஜிம்பாப்வே, மொசாம்பிக், தான்சானியா, நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளை மனத்தில் வைத்து. அங்கேயும் சட்டம் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. நமீபியாவில் எருமைக்குக் குழல்வாயில் 5,400 ஜூல் ஆற்றல் வேண்டும். ஜிம்பாப்வேயில் 9.2 மி.மீ. விட்டமும் 5,300 ஜூலும். வேறு பல இடங்களில் சுருக்கமாக ".375-க்குக் குறையக்கூடாது" என்பார்கள்.

அந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 1912-இல் வந்தது. 300 கிரெய்ன் (சுமார் 19.4 கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 2,530 அடி வேகத்தில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் சுமார் 5,780 ஜூல். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் சரியாகப் போகும். .30-06 சுட்டுப் பழகிய தோளுக்கு இதன் உதை கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனாலும் சராசரி உடம்புக்காரர் சில வாரப் பயிற்சியில் பழகிவிடக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது. பாதை தட்டையாக இருப்பதால் அதே துப்பாக்கியில் 200 மீட்டரில் குடு, ஈலண்ட் மான்களையும் சுடலாம். இன்னொரு நன்மையைப் பலர் யோசிப்பதில்லை: தோட்டாப் பெட்டி விமானத்தில் தொலைந்துபோனால், ஆப்பிரிக்க நகரக் கடையில் .375 கிடைக்கும் வாய்ப்பு மற்ற எதையும்விட அதிகம். ஒரே ஒரு பெரிய ரைஃபிள்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் பதில் இதுதான். இரண்டாவது யோசனை தேவையில்லை.

.416 ரிக்பி 1911-இல் பிறந்தது. 400 கிரெய்ன், 2,400 அடி வேகம், சுமார் 6,900 ஜூல். எருமை மேல் இதற்கும் .375-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குண்டு பட்டதும் விலங்கு குலுங்குவதும் கால் தடுமாறுவதும் அதிகம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் பெரிய கூடு, அதாவது மருந்தை அடைக்கும் பித்தளை உறை. கார்டைட் வெடிமருந்து வெயிலில் சூடானால் அழுத்தம் எகிறும். அந்தக் காலத்தில் அதைச் சமாளிக்கத்தான் கூட்டைத் தாராளமாக அமைத்தார்கள். ஐரோப்பிய அளவுகோலில் ரிக்பியின் உச்ச அழுத்தம் 3,250 பார். 1988-இல் வந்த .416 ரெமிங்டன் மேக்னம் அதே வேகத்தைச் சிறிய கூட்டில் எட்டுகிறது, ஆனால் அதன் எல்லை 4,300 பார். குளிர்நாட்டில் உச்சம் வரை மருந்து அடைத்த தோட்டாவை அக்டோபர் மாத ஸாம்பெஸி வெயிலில், ஜீப்பின் இரும்புத் தளத்தில் போட்டு வைத்தால், சுட்ட பிறகு, தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டின் கைப்பிடி இறுகிக்கொள்ளும். இரண்டாவது குண்டு தேவைப்படும் நொடியில் கைப்பிடியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். ரெமிங்டன் தோட்டாவைக் குறை சொல்லவில்லை; .375 நீளப் பொறியமைப்பிலேயே அடங்குவதால் துப்பாக்கி விலை குறையும். தோட்டாவை நிழலில் வையுங்கள், மருந்தை ஒரு படி குறைத்தே அடையுங்கள், அவ்வளவுதான். .404 ஜெஃப்ரியும் இந்த வகுப்பைச் சேர்ந்ததே. சரிந்த தோளுள்ள அதன் கூடு மேகசினிலிருந்து வழுக்கிக்கொண்டு, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறும்.

.458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தபோது, விலையுயர்ந்த ஆங்கில இரட்டைக்குழல் செய்கிற வேலையைச் சாதாரண நீளப் போல்ட் ரைஃபிளில் தருவதாக வாக்களித்தது. 500 கிரெய்ன், 2,130 அடி என்று காகிதத்தில் இருந்தது. கூடு சின்னது, அந்த வேகத்துக்கு மருந்தை அழுத்தி அடைக்க வேண்டியிருந்தது. அப்படி அடைத்த மருந்து சூட்டில் நாள்பட இருந்து கட்டிதட்டி, சரியாக எரியாமல், வேகம் பல நூறு அடி குறைந்த சம்பவங்கள் உண்டு. 1959-இல் மொசாம்பிக்கில் ஓர் எருமையிடம் அடிபட்டுக் காயமுற்ற அமெரிக்க வேட்டைக்காரர் ஜாக் லாட், பின்னாளில் நீளமான கூட்டில் .458 லாட் தோட்டாவை உருவாக்கியதற்கு இந்தக் குறைதான் பின்னணி. லாட் அதே 500 கிரெய்னை 2,300 அடியில் அனுப்புகிறது. இன்றைய மருந்துகளில் வின்செஸ்டரின் பழைய நோய் பெருமளவு தீர்ந்துவிட்டது. 2,050 முதல் 2,100 அடி நம்பகமாகவே கிடைக்கும். லாட் அறையில் .458 வின்செஸ்டர் தோட்டாவையும் சுடலாம். அதனால் லாட் வாங்கி, பயிற்சிக்கு வின்செஸ்டர் தோட்டா பயன்படுத்துகிறவர்கள் பலர். ஆனால் லாட்டின் உதை லேசுப்பட்டதல்ல. நாலரைக் கிலோ துப்பாக்கியில் .375-ஐப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் வரும். தோளில் அறைவதோடு நில்லாமல் கன்னத்தையும் தட்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வேட்டையாடும் துப்பாக்கி வேறு, தடுத்து நிறுத்தும் துப்பாக்கி வேறு. உங்களோடு வரும் தொழில்முறை வழிகாட்டி .458 அல்லது .470 தூக்கி வருவது, பத்து மீட்டரில் பாய்ந்து வரும் விலங்கை நிறுத்துவதற்காக. அவர் வேலை அது. உங்கள் வேலை அந்த நிலைமை வராமல் முதல் குண்டைச் சரியான இடத்தில் வைப்பது. அவரைப் பார்த்து அதே துப்பாக்கியை வாங்கி, உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற விருந்தாளிகளால்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன.

இரட்டைக்குழல் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் அழகான ஆயுதம். 500 கிரெய்ன், 2,150 அடி. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனிப் பூட்டு; ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். இரண்டாவது குண்டுக்குக் கையைக்கூட நகர்த்த வேண்டாம். ஆனால் வாங்குமுன் தெரிய வேண்டியது: இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும் பற்றவைத்து இசைவு செய்திருப்பார்கள். அந்த வேகத்துக்குக் குறைந்த தோட்டா போட்டால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அதற்குள் துப்பாக்கி உதையில் திரும்பிவிடும். வலக்குழல் வலப்பக்கமும் இடக்குழல் இடப்பக்கமும் விலகும். வேகம் கூடினால் இரண்டும் குறுக்கே பாயும். ஆகவே எந்தத் தோட்டாவுக்கு இசைவு செய்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கியாக இருந்தால் கெட்டிப் பித்தளைக் குண்டுகளைத் தவிருங்கள். மெல்லிய குழலில் உள்ளிருக்கும் மரை வெளியே தெரியுமளவு புடைத்துவிடலாம். இன்னொன்று, சுட்ட கூட்டை வெளியே எடுக்கும் கூடுவாங்கிக்கு அடியில் ஒரு புல் விதை சிக்கினால் போதும், துப்பாக்கி மூடாது. முதலில் முன் விசையையே இழுங்கள். பின் விசையில் தொடங்கினால் உதையில் விரல் முன் விசையின் பின்புறத்தில் மோதி அடிபடலாம்.

காலிபர் முடிவானதும், பலர் அவசரப்படுகிற இடத்தில் நிதானியுங்கள்: போல்ட் ரைஃபிளின் பொறியமைப்பு. மவுசர் 98, பழைய வின்செஸ்டர் மாடல் 70, ஸீஇஸட் 550 வகைகளில் தோட்டா மேகசினை விட்டு எழும்பிய கணமே அதன் விளிம்பைப் பெரிய கொக்கி பிடித்துக்கொள்கிறது. தள்ளி ஏற்றும் வகையில் போல்ட் முழுதாக மூடும்வரை தோட்டாவை எதுவும் பிடிப்பதில்லை. பதற்றத்தில் பாதியில் நிறுத்திப் பின்னுக்கு இழுத்தால் அது அறைக்குள்ளேயே கிடக்கும். அடுத்த தள்ளலில் இன்னொரு தோட்டா அதன் பின்புறத்தில் முட்டி நிற்கும். எருமைக்குக் கொக்கி வகைதான் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த வகையில் தோட்டாவைக் கையால் அறையில் போட்டு மூடாதீர்கள். அதற்கென்று சரிவு செதுக்காத கொக்கியாக இருந்தால் முனை உடையும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

கடையில் சோதிப்பதற்கு மருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கேளுங்கள், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே குண்டு வடிவத்தில். மேகசினை நிரப்பி, தோளில் வைத்தபடியே வேகமாக எல்லாவற்றையும் ஓட்டுங்கள். பிறகு மெதுவாக. தட்டை மூக்குக் குண்டு ஏற்றச் சரிவில் இடித்து நிற்கிறதா என்று பாருங்கள். கூர்மூக்கில் பட்டுப்போல ஓடுகிற துப்பாக்கி தட்டை மூக்கில் முரண்டுபிடிக்கும். .375-ம் .416-ம் நீளமான தோட்டாக்கள். போல்ட்டைக் கடைசிவரை இழுக்காவிட்டால் அடுத்தது ஏறாது. முழு நீளம் இழுப்பது கைக்குப் பழக வேண்டும்.

பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பாருங்கள். வார் மாட்டும் முன்வளையம் குழலில் இருக்க வேண்டும். மரக்கட்டையில் இருந்தால் உதையில் பின்னால் வந்து இடக்கை விரல்களைக் கிழிக்கும். மேகசின் அடித்தட்டு அழுத்தமாகப் பூட்ட வேண்டும். உதையில் திறந்துகொண்டு தோட்டாக்கள் மண்ணில் கொட்டிய துப்பாக்கிகள் உண்டு. மரக்கட்டையில் குறுக்குத் திருகுகள் இரண்டு இருப்பது நல்லது. பொறியின் வால்முனைக்குப் பின்னால் மரத்தோடு மயிரிழை இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு உதையும் ஆப்பு அடிப்பதுபோல் இறங்கி அந்த இடத்தில் கட்டை பிளக்கும்.

ஸ்கோப் குறைந்த உருப்பெருக்கம் போதும், 1-இல் தொடங்கி 4 அல்லது 6 வரை. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 முதல் 10 செ.மீ. இடைவெளி கட்டாயம், குறைந்தால் புருவம் கிழியும். கையாலேயே கழற்றக்கூடிய பிடியும், அதன் கீழே அகல 'வி' வடிவ இரும்புக் குறியும் வேண்டும். அடிபட்ட எருமையைத் தேடிப் புதருக்குள் போகும்போது பலர் ஸ்கோப்பைக் கழற்றிவிடுவார்கள்.

குண்டைப் பற்றி: முதல் தோட்டா உடலுக்குள் விரியும் வகையாக இருக்கட்டும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்றவை எலும்பில் மோதியும் சிதறாமல் எடையைத் தக்கவைப்பவை. எருமை மந்தையாக நிற்கும். விரியாத குண்டு ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயப்பட்ட இரண்டாவதற்கும் நீங்களே பொறுப்பு, கட்டணமும் உண்டு. முதலுக்குப் பின்னால் விரியாத குண்டுகளை அடுக்குங்கள், ஏனென்றால் அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் ஓடுகிற எருமையின் பின்புறம்தான். அங்கிருந்து நெஞ்சுவரை போக ஆழத் துளைப்பு வேண்டும். தட்டை மூக்கு நேராகப் போகும். உருண்டை மூக்கு உள்ளே திசைமாற வாய்ப்பு அதிகம். யானைக்கு எல்லாமே விரியாதவைதான். சிங்கத்துக்கு நேர்மாறு: தோல் மெல்லியது, .375-இல் சீக்கிரம் விரியும் குண்டு.

குறி வைக்கும் இடம்: பக்கவாட்டில் நிற்கும் எருமையின் முன்னங்காலின் நடுக்கோட்டில் மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். மேல்நோக்கித் தவறுவதுதான் வழக்கமான பிழை. தோள் திமில் பெரிதாகத் தெரிவதால் உடலின் நடுவை உயரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். உயிர்நிலை அவர்கள் நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது. சுட்டதும் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். போல்ட்டை இழுத்து, கண்ணில் இருக்கும்வரை சுடுங்கள். பாய்ந்து வரும் எருமை 30 மீட்டரை இரண்டு வினாடி சொச்சத்தில் கடக்கும்.

பயிற்சியில் பெரிய காலிபரை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சுட வேண்டாம். மற்ற நேரமெல்லாம் .22-இல், அதே குச்சித் தாங்கியில் நின்றபடி. காதுக்கு அடைப்பானும் மேலே மூடியும் இரண்டும் போடுங்கள். வெடிச்சத்தம்தான் பாதிப் பயம். நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே போலித் தோட்டா ஏற்றித் தரச் சொல்லுங்கள். வெடிக்காத அந்தச் சொடுக்கில் குழல்வாய் கீழே குனிந்தால் உங்களுக்கு உதைப் பயம் இருக்கிறது. காலிபரைக் குறையுங்கள், அல்லது குறைந்த மருந்தில் மறுபடி தொடங்குங்கள். உதையைக் குறைக்க முனையில் துளையிட்ட பிரேக் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் தடங்காணிகளின் செவி பாழாகும். பல வழிகாட்டிகள் அனுமதிப்பதே இல்லை.

விமானத்தில் தோட்டாவுக்கு வழக்கமான வரம்பு ஒருவருக்கு 5 கிலோ, துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டிய பெட்டியில். தென்னாப்பிரிக்கா வழியாகப் போனால் அந்நாட்டுக் காவல்துறையின் துப்பாக்கி அனுமதிக்கான எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தை முன்கூட்டியே கறுப்பு மையில் நிரப்பி வையுங்கள், விமான நிலையத்தில் கையெழுத்து மட்டும் போடும்படி. எருமைக்கு 40 தோட்டா தாராளம். முகாம் சேர்ந்த அன்றே ஸ்கோப் திருகுகளை முறுக்கிப் பார்த்து, 50 மீட்டரில் இரண்டு, 100-இல் ஒன்று சுட்டுக் குறியைச் சரிபாருங்கள். பிறகு ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி இன்னொன்று சுடுங்கள். அது முந்தைய குண்டுக்கு 5 செ.மீ.க்குள் விழாவிட்டால் அந்தப் பிடியை நம்பிக் கழற்றி மாட்டாதீர்கள். இறுக்கிக் குறியை மறுபடி சரிசெய்து, அப்படியே விட்டுவிடுங்கள்.